பிந்தித் தொடங்கிய கலை: முதுமையில் ஒளிப்படமும் கணினி ஓவியமும்

அறுபது வயதை ஒட்டியோ அதைக் கடந்தோ முதன்முறையாகக் கேமராவையோ ஓவிய மென்பொருளையோ தொட்டு, அதைப் பொழுதுபோக்கு என்ற அளவில் நிறுத்தாமல் கலையாகவே பயில்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் எந்தக் கலைப் பயிற்சியும் இல்லாமல் வந்தவர்கள். சிலர் இளமையில் வரையக் கற்று, பிழைப்புக்காகவும் குடும்பத்துக்காகவும் அதை விட்டு, பல ஆண்டு கழித்து மறுபடி தொட்டவர்கள். இன்னும் சிலர் வாழ்நாள் முழுதும் கலைஞர்களாகவே இருந்து, முதுமையில் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள். இவர்களுக்குக் கிடைக்கும் நிறைவு எதிலிருந்து வருகிறது? உடல் தளரும் வயதில் இந்தக் கலைகள் எப்படி இத்தனை பேருக்கு இடம் கொடுக்கின்றன?

தமிழ்நாட்டில் இக்கேள்விகளுக்குத் தனி அவசரம் உண்டு. 2021க்கான மதிப்பீட்டின்படி மாநில மக்களில் சுமார் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. அரசு ஊழியரின் ஓய்வு வயது 60. அந்த வயதை எட்டிய இந்தியர் ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். ஒரு கலையை அடிப்படையிலிருந்து கற்று, அதில் தேர்ந்து, தனக்கென ஒரு பாணியையும் கண்டடையப் போதுமான காலம் அது. ஆனால் கோயில், பேரப்பிள்ளை, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு வெளியே அந்தக் காலத்துக்கு வேறு பயன் இருக்கலாம் என்று சமூகம் இன்னும் முழுதாக நினைத்துப் பார்க்கவில்லை.

பிந்தித் தொடங்கிய ஒளிப்படக் கலைஞர்களின் வரலாற்றில் முதல் பெரிய பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், பின்னாளில் இங்கிலாந்தின் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் குடியிருந்தார். 1863 கிறிஸ்துமஸையொட்டி மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் சார்லஸ் ஹே கேமரன் இலங்கையில் இருந்த தம் காப்பித் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். தனிமையில் பொழுது போகட்டும் என்று தரப்பட்ட பொருள்தான் அது. இன்றைய கணக்கில் 48 முதுமை இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில், பேரன் பேத்தி எடுக்கும் பருவத்தில் இருந்த ஒரு பெண் புதிதாக ஒரு கைத்தொழில் கற்பது எவரும் எதிர்பார்க்காத காரியம்.

அந்தக் கைத்தொழிலும் இலேசானதல்ல. அன்று வழக்கில் இருந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் என்ற பசையை ஊற்றிச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு எடுத்துச் சென்று கழுவ வேண்டும். படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்ட பொருள்களில் பொட்டாசியம் சயனைடும் ஒன்று. வெள்ளி நைட்ரேட் பட்ட விரலும் துணியும் கறுத்துப்போகும். எதிரில் அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கேமரன் நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார்; கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக மாற்றினார். 1864 ஜனவரி இறுதியில் ஆனி என்ற சிறுமியின் உருவப்படம் சரியாக வந்தபோது, அதைத் தம் முதல் வெற்றி என்று படத்தின் கீழேயே எழுதி வைத்தார். அதற்கு முந்தைய வாரங்கள் முழுக்கத் தோல்விகள்தான்.

அடுத்த சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றில் ஏறக்குறைய 1,200 படங்கள் இன்று பட்டியலிடப்பட்டுள்ளன. கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஜான் ஹெர்ஷல், சார்லஸ் டார்வின், தாமஸ் கார்லைல் ஆகியோரின் முகங்கள் நமக்கு இன்று நினைவில் நிற்பதற்கு அவருடைய படங்களுக்கும் பங்கு உண்டு. வீட்டு வேலை செய்த பெண்களை மரியன்னையாகவும் இலக்கியப் பாத்திரங்களாகவும் நிறுத்திப் படமெடுத்தார். படங்களில் கூர்மை போதவில்லை, தட்டில் கீறலும் கைரேகையும் இருக்கின்றன என்று ஒளிப்பட இதழ்கள் குறை சொல்லின. அவர் தம் வழியிலிருந்து விலகவில்லை. நுணுக்கமான விவரங்களைக் காட்டிலும் முகத்தின் உள்ளொளியே தமக்கு வேண்டியது என்பதில் தெளிவாக இருந்தார். லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் அங்கேயே இரண்டு அறைகளை அவர் ஸ்டூடியோவாகப் பயன்படுத்த இடம் கொடுத்தது.

1875இல் கேமரன் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கிருந்து கிடைத்திருக்கும் படங்கள் மிகக் குறைவு, முப்பதுக்கும் உட்பட்டவை. களுத்துறையில் உள்ளூர்க் குடியானவர்களையும் உழைப்பாளிகளையும் எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. பெயர்பெற்ற மனிதர்களை எடுத்த அதே அக்கறையோடு, பெயரே குறிக்கப்படாத இந்த மனிதர்களையும் அவர் நேருக்கு நேர் நிறுத்தி எடுத்திருக்கிறார். ஆனால் தோட்ட முதலாளியின் மனைவி தோட்டத்து உழைப்பாளிகளைப் படமெடுக்கும்போது இருக்கும் ஏற்றத்தாழ்வை இன்று அவற்றைப் பார்ப்பவர் மறக்க முடியாது. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த தேயிலைச் சரிவுகள் சூழ்ந்த ஊர் அது.

கேமரனின் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரிசாக வந்த பொருள் பொழுதுபோக்குக்கு உரியது. அவர் அதைக் கடினமான உழைப்பாக மாற்றிக்கொண்டார். பிந்தித் தொடங்கி நிறைவு கண்டவர்களின் வாழ்வை எங்கே எடுத்துப் பார்த்தாலும் இந்த மாற்றம் தென்படுகிறது. கருவி எளிதாக இருப்பது வாசலைத் திறந்துவிடுகிறது. நிறைவு வருவதோ, எளிதல்லாத ஒன்றைத் தேர்ந்து அதோடு நெடுநாள் மல்லுக்கு நிற்பதிலிருந்து.

கேமரனுக்கு இருந்த பணமும் பணிப்பெண்களும் பெரும்பாலோருக்கு இல்லை. அடுத்த நூறாண்டில் வந்த பிலிம் சுருள் ரசாயனத் தொல்லையைக் குறைத்ததே தவிரச் செலவை ஒழிக்கவில்லை. 36 படம் கொண்ட ரோல், அதைக் கழுவக் கூலி, பிரின்ட் போடக் கூலி என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் விலை இருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கேமரா திருமணத்துக்கும் சடங்குக்கும் மட்டுமே வெளியே வந்தது. ரோலில் மிச்சமிருந்த இரண்டு படங்களை வீணாக்காமல் குழந்தைகளை வாசலில் நிறுத்தி எடுத்த காலம் அது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அந்தத் தொழில்நுட்பம் வீடுகளை எட்டக் கால் நூற்றாண்டு ஆனது. எட்டிய பிறகு, தவறு செய்வதற்கான விலை ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

முதியவர்களைப் பொறுத்தவரை இது வெறும் வசதி மட்டுமல்ல. பற்றாக்குறையில் வளர்ந்த தலைமுறைக்கு வீண்செலவு பற்றிய அச்சம் ஆழமாகப் பதிந்தது. தமக்கென்று, அதுவும் தேவையில்லாத ஒன்றுக்கென்று பணம் செலவழிப்பதைத் தவறாகவே கருதிப் பழகியவர்கள் அவர்கள். நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழிக்கலாம், ஒரு பைசா குறையாது என்ற நிலை வந்ததும் கற்றலுக்குத் தடையாக இருந்த மிகப் பெரிய சுவர் விழுந்தது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் 1994இல் அடுக்கு முறை சேர்ந்தது. மூலப் படத்தைத் தொடாமல் அதன்மேல் வேலை செய்ய அது வழி தந்தது. செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளை எல்லா ஓவிய மென்பொருள்களிலும் இருக்கிறது. கை நடுங்கி ஒரு கோடு பிசகினால் தாளைக் கிழித்துப் போட வேண்டியதில்லை.

இந்த வாசல் வழியே வந்தவர்களில் பரவலாக அறியப்பட்டவர் ஜப்பானின் கிமிகோ நிஷிமோட்டோ. 1928இல் பிரேசிலில் பிறந்து, சிறுவயதில் ஜப்பான் திரும்பி, குமமோட்டோவில் வாழ்ந்தவர். இளமையில் முடிதிருத்தும் தொழிலும் பந்தயச் சைக்கிள் ஓட்டமும் செய்து, பின்பு இல்லத்தரசியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். 72 வயதில், மகன் நடத்திய ஒளிப்பட வகுப்பில் சேர்ந்தார். அதன்பின் கணினியில் படங்களைத் திருத்தவும் ஒட்டிச் சேர்க்கவும் கற்றார். தம்மையே பாத்திரமாக்கி அவர் அமைத்த படங்கள் உலகெங்கும் பரவின. குப்பைப் பையில் கட்டி எறியப்பட்ட கிழவியாக, துணிகாயும் கொடியில் தொங்குபவராக, துடைப்பத்தில் ஏறிப் பறப்பவராக அவரே அவற்றில் வருகிறார். தொடங்கிப் பத்தாண்டு கழித்துக் குமமோட்டோவில் முதல் தனிக் கண்காட்சி. 2017 இறுதியில் டோக்கியோவில் மற்றொன்று. 2025இல் 97 வயதில் இறந்தார்.

அந்தப் படங்கள் வெறும் வேடிக்கை அல்ல. முதியவர்களைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது, எங்கே ஒதுக்கி வைக்கிறது என்பதைத் தம் உடலையே வைத்துச் சொல்பவை அவை. முதியவரைப் பற்றி இளையவர் எடுத்த படங்கள் பெரும்பாலும் சுருக்கத்தையும் தனிமையையும் காட்டும். முதியவர் தம்மையே எடுக்கும்போது அந்த உடலுக்குள் இருக்கும் குறும்பும் கோபமும் வெளிவருகின்றன. இளம் கலைஞர் ஒருவரால் எடுக்க இயலாத படங்கள் இவை.

கணினி ஓவியத்தில் இதற்கு இணையான சிலர் உண்டு. ஜப்பானின் தத்சுவோ ஹொரியுச்சி 1940இல் பிறந்தவர். ஓய்வு பெறும் சமயத்தில் ஓவியம் கற்க எண்ணியபோது, ஓவிய மென்பொருளுக்குப் பணம் கொடுக்க மனமில்லாமல், கணக்குப் போடுவதற்காகக் கணினியிலேயே இருந்த எக்செல்லில் வரையத் தொடங்கினார். அதில் இருக்கும் தயார் வடிவங்களைக் கோடாக நீட்டி, வளைத்து, நிறமூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, செர்ரி மலர்களையும் பனி மலைகளையும் ஜப்பானிய மரபு ஓவியத்தின் சாயலில் படைத்தார். 2006இல் எக்செல் ஓவியப் போட்டியொன்றில் முதல் பரிசு பெற்றார். அமெரிக்காவின் ஹால் லாஸ்கோ 1915இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக வரைபடம் வரைந்தவர். பின்னர் வாழ்த்து அட்டை நிறுவனத்தில் எழுத்துரு வேலை செய்தவர். 85 வயதை ஒட்டி வீட்டார் அவருக்கு மைக்ரோசாஃப்ட் பெயின்ட் மென்பொருளைக் காட்டிக் கொடுத்தார்கள். விழித்திரையின் மையம் சிதையும் நோயால் பார்வை மங்கிக்கொண்டிருந்த நேரம் அது. திரையில் படத்தைப் பலமடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக நிறம் வைத்து ஓவியம் தீட்ட அந்த எளிய மென்பொருள் அவருக்கு உதவியது. தூரிகையும் தாளும் செய்ய முடியாத உதவி அது. 2014இல் இறக்கும்வரை வரைந்தார். ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த கோன்சா கார்சியா சாயேரா, நோயுற்ற கணவரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்த காலத்தில், பிள்ளைகள் தந்த கணினியில் அதே பெயின்ட்டைப் பழகினார். 2017இல் இன்ஸ்டாகிராமில் ஓவியங்களைப் பகிரத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்துக்கும் மேல்.

மூவரும் தேர்ந்த கருவிகள் ஓவியர்கள் புறக்கணித்தவை. எக்செல்லில் ஒரு மரம் வரைவது சுற்றிவளைத்த வேலை. பெயின்ட்டில் ஒரு வானத்தைப் புள்ளிகளால் நிரப்ப நாள்கணக்கில் ஆகும். கருவியின் அந்தக் குறுகல்தான் அவர்களுடைய பாணியாக ஆயிற்று. இளம் வடிவமைப்பாளரிடம் அதற்கான பொறுமையோ நேரமோ இராது. ஓய்வு பெற்றவரிடம் இரண்டும் உண்டு.

ஏற்கனவே புகழ்பெற்ற கலைஞர்கள் முதுமையில் டிஜிட்டல் கருவிக்கு மாறிய வரலாறு வேறு வகை. அவர்களுக்குக் கண் பழகியிருக்கிறது. பயில வேண்டியது கை மட்டும். 1937இல் பிறந்த டேவிட் ஹாக்னி 2009இல் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கினார். 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். விளக்கில்லாத அறையில், படுக்கையில் இருந்தபடியே ஜன்னலில் விடியும் ஒளியை வரைய ஒளிரும் திரை அவருக்கு உதவியது. யார்க்ஷயரின் வோல்ட்கேட் சாலையில் 2011இன் வசந்தம் வரும் வரிசையை ஐபேடில் வரைந்து பெரிய அச்சுகளாக்கி 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 2018இல் திறக்கப்பட்ட எலிசபெத் அரசியின் வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் ஐபேடிலேயே வடிவமைத்தார். 2020இல் நோய்த்தொற்றின் ஊரடங்கில் நார்மண்டியில் இருந்தபடி அவர் வரைந்த வசந்தக் காட்சிகளில் 116 படைப்புகள் மறு ஆண்டு அதே அகாடமியில் காட்சிக்கு வந்தன. அப்போது அவருக்கு 83 வயது.

வேரா மோல்னாரின் பாதை இன்னும் நீண்டது. 1924இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அவர், கணினி கைக்கு எட்டுவதற்கு முன்பே, தாமே வகுத்த விதிகளைக் காகிதத்தில் படிப்படியாகச் செயல்படுத்தி வரைந்துவந்தார். 1968இல், 44 வயதில், உண்மைக் கணினியைத் தொட்டார். 2023 டிசம்பரில், நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு இறக்கும்வரை அந்தப் பாதையை விடவில்லை. இவ்விருவருக்கும் நேர் எதிராக, ஹங்கேரியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸுக்குப் புதுக் கருவி துக்கத்தின் துணையாக வந்தது. 1977இல் மனைவி எலிசபெத் இறந்தபின், எண்பது வயதைக் கடந்த அவர் நியூயார்க் அடுக்ககத்தின் ஜன்னலோரத்தில் சிறு கண்ணாடிச் சிலைகளை வைத்து, போலராய்ட் கேமராவில் அவற்றுக்குள் மாறும் ஒளியை எடுத்தார். 1981இல் அவை நூலாயின. வெளியே நடக்கும் தூரம் குறைந்துபோன வயதில், ஒரே ஜன்னலை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படைப்புலகம் அமைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

உடலின் மாற்றங்கள் இந்தக் கலைகளில் நேரடியாகக் குறுக்கிடுகின்றன. நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து தொடங்குகிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் எட்டுவதாகக் கண் மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. மஞ்சளான வில்லை நீல நிறத்தை மங்கலாக்கும். நிழலுக்குள் இருக்கும் நிழலைப் பிரித்தறிவது கடினமாகும். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொள்வதற்கு முந்தைய ஆண்டுகளில் வரைந்தவற்றில் சிவப்பும் பழுப்பும் மேலோங்கி நிற்பது இதனால் என்று கருதப்படுகிறது. படத்தைத் திருத்தும் முதியவர் தம் கண்ணை மட்டும் நம்பினால் நிறம் தடம்மாறக்கூடும். மென்பொருள் காட்டும் ஒளிப்பரவல் வரைபடத்தையும் நிற அளவுகளையும் சரிபார்க்கப் பழகிவிட்டால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். கேமராவின் கண்பார்வைத் துளையை ஒட்டி ஒரு சிறு திருகு இருக்கும். கண்ணாடி அணியாமலே தெளிவாகப் பார்க்க உதவும் அந்தத் திருகைப் பற்றித் தெரியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் சிரமப்படுகிறார்கள்.

கை நடுக்கத்துக்கும் மூட்டு வலிக்கும் தீர்வுகள் உண்டு. நடுக்கத்தை ஈடுசெய்யும் லென்ஸ்கள் 1990களின் நடுவிலிருந்து சந்தையில் இருக்கின்றன. கனமான பெரிய கேமராவை விட்டு, எடை குறைந்த மிரர்லெஸ் கேமராவுக்கோ செல்பேசிக்கோ மாறலாம். ஒற்றைக்கால் தாங்கி, இரண்டு விநாடி தாமத அழுத்தல் போன்ற சிறு ஏற்பாடுகளும் பயன்படும். டிஜிட்டல் பேனாவில் வரையும்போது கோட்டின் நடுக்கத்தைத் தானே சீராக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் நடுங்கும் கோட்டையே தம் கோடாக ஏற்றுக்கொள்வதும் ஒரு நியாயமான தேர்வு.

மனத்துக்கு இக்கலைகள் என்ன செய்கின்றன என்பதற்கு ஓரளவு திடமான ஆய்வுச் சான்று இருக்கிறது. டல்லஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் தலைமையில் நடந்த சினாப்ஸ் ஆய்வு 2014இல் அச்சேறியது. அதில் 60 முதல் 90 வயதுவரையான 221 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் டிஜிட்டல் ஒளிப்படமும் கணினியில் படத் திருத்தமும் கற்றார்கள். ஒரு குழு துணிகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றது. மூன்றாவது குழு இரண்டையும் கற்றது. இவர்களோடு ஒப்பிட, கூடிப் பேசி வெளியே சென்றுவரும் குழு ஒன்றும், வீட்டில் இசை கேட்டும் சொல் விளையாட்டு ஆடியும் பொழுது போக்கும் குழு ஒன்றும் அமைக்கப்பட்டன. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல், ஏறக்குறைய மூன்று மாதம். முடிவில் நிகழ்வுகளை நினைவில் வைக்கும் திறன், புதிதாகக் கடினமான ஒன்றைக் கற்றவர்களிடம் மேம்பட்டிருந்தது. ஒளிப்படம் கற்றவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது. கூடிப் பேசி மகிழ்ந்தவர்களிடம் அந்த அளவு மேம்பாடு காணப்படவில்லை. ஐபேடைப் பல வகையில் பயன்படுத்தக் கற்ற முதியவர்களிடம் இதே குழுவினர் நடத்தி 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வும் ஒத்த முடிவையே தந்தது.

இந்த முடிவை மிகையாக்கக் கூடாது. மூன்று மாதத்து மேம்பாடு மறதி நோயைத் தடுக்கும் மருந்து ஆகாது. ஆனால் அது சொல்லும் செய்தி கூர்மையானது. பயன் தருவது ஓய்வோ அரட்டையோ அல்ல. தொடர்ந்து மூளையை வருத்தும் புதிய கல்வி. திறப்பு அளவு, வேகம், ஒளியுணர்வு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டியிருப்பதும், பழகாத மென்பொருளின் படிகளை வரிசையாக நினைவுகூர வேண்டியிருப்பதும் அந்த வருத்தத்தின் பகுதிகள். தானியங்கி முறையிலேயே கேமராவை விட்டுவைப்பவருக்கு அந்தப் பயன் எவ்வளவு கிடைக்கும் என்பது ஐயத்துக்குரியது.

படமெடுப்பதே நினைவைக் கெடுக்கும் என்ற வாதமும் உண்டு. உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்த மாணவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியை நெருங்கிப் பெரிதாக்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. கவனம் கூடினால் கேமரா நினைவைத் திருடுவதில்லை. சுற்றுலாவில் அள்ளிக் குவிக்கும் படத்துக்கும், ஒரு கதவின் தாழ்ப்பாளை அரை மணி நேரம் சுற்றிவந்து எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

வயது தரும் அனுபவ வளமும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டேவிட் கேலன்சன், 2006இல் வெளியிட்ட நூலில் கலைஞர்களை இருவகைப்படுத்தினார்: ஒரு கருத்தைத் திடீரென்று கண்டு இளமையிலேயே உச்சம் தொடுபவர்கள், செய்து செய்து, தடவித் தடவி, முதுமையில் உச்சம் அடைபவர்கள். செசான் இரண்டாம் வகைக்கு அவர் காட்டும் முதன்மை உதாரணம். ஒளிப்படம் இந்த இரண்டாம் வகைக்கே அதிகம் ஒத்துவரும் கலை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது, ஒளி மாறும்வரை காத்திருப்பது, எடுத்ததில் எதை விடுவது என்று அறிவது எல்லாம் அனுபவத்தால் கூடுபவை. கவிதைக்காக உலகப் புகழ் பெற்ற பிறகு, அறுபதைக் கடந்த வயதில் ஓவியத்தில் இறங்கி 1930இல் பாரிஸில் முதல் காட்சி வைத்த தாகூரும் கைப்பிரதியின் அடித்தல்களை வடிவங்களாக மாற்றிப் பார்த்ததிலிருந்தே தொடங்கினார்.

தமிழ்நாட்டில் முதியவர் கேமராவுக்குக் காத்திருக்கும் பொருள்கள் அநேகம். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் கூடும் பறவைகள், பெயர்ப்பலகை இல்லாத நடுகற்கள், தூர்ந்துகொண்டிருக்கும் ஊருணிகள், இடிக்கப்படவிருக்கும் ஓட்டு வீடுகள், நின்றுபோகும் கைத்தொழில்கள். இவற்றில் பலவற்றின் பழைய நிலையை நேரில் கண்டவர்கள் இன்றைய முதியவர்களே. எதை எடுக்க வேண்டும், அது இன்னதென்று எப்படிக் குறிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுக் களஞ்சியங்களுக்கு அப்படங்களை இடம், நாள், விவரத்தோடு தரும்போது தனிமனித ஈடுபாடு ஊரின் ஆவணமாகிறது. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1996இல் 83 வயதில் இறக்கும்வரை எழுத்தை விடவில்லை. பல பாகங்களைக் கூட்டிச் சேர்த்த கேமராவில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், வசதியான கருவியைவிட விலங்கின் இயல்பை அறிந்த கண்ணே முக்கியம் என்பதற்குச் சான்று.

வீட்டுக்குள்ளேயே இன்னொரு சுரங்கம் இருக்கிறது. பரணில் கிடக்கும் ஆல்பங்கள், ஸ்டூடியோ உருவப்படங்கள், பூஞ்சை பிடித்த நெகட்டிவ்கள். கடலோர ஈரப்பதத்தில் இவை வேகமாகக் கெடும். வண்ண நெகட்டிவின் சாயமும் ஆண்டுகளில் மங்கும். அவற்றை ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வைப்பது ஒளிப்படக் கலையும் கணினிக் கலையும் நினைவுக் கலையும் ஒன்றாகும் வேலை. தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் பெரும்பாலும் அந்த வீட்டின் மூத்தவர்தான்.

தனியாகக் கற்பது கடினம். மெட்ராஸ் ஒளிப்படச் சங்கம் 1857இலிருந்து இருக்கிறது. இத்தகைய சங்கங்களில் படத்தை முன்வைத்துப் பிறர் குறை சொல்லக் கேட்பது கற்றலின் பெரும்பகுதி. வயது மூத்தவர்களின் படத்தைப் பார்த்து மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. கற்பவருக்கு அது பெரும் தீங்கு. சமூக வலைத்தளத்தின் விருப்பக்குறிகளும் இதே வகை. இருபது வயது இளைஞரோடு சமமாக உட்கார்ந்து, அவரிடம் பாடம் கேட்கவும் அவருக்குப் பாடம் சொல்லவும் முடிகிற இடம்தான் நல்ல வகுப்பு.

தடைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அறுபது வயதில் ஓய்வு என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். சமையலும் பேரக்குழந்தைப் பராமரிப்பும் நோயாளிச் சேவையும் அவர்கள் தலைமேலேயே தொடர்கின்றன. அந்த நேரத்தை வீட்டார் பகிர்ந்துகொள்ளாத வரை, கேமரா வாங்கிக் கொடுப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. மற்றொன்று, படமெடுப்பதைவிடக் கருவி வாங்குவதில் மனம் போய்விடுவது. ஒரு லென்ஸின் விலையில் ஒருவர் பல ஆண்டு வகுப்புக்குப் போகலாம். சொற்களைக் கொடுத்தால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. வரையக் கை இயலாத நிலையில் இருப்பவருக்கு அவை வரம்தான். மற்றவர்களுக்கு, மேலே கண்ட பயனெல்லாம் எந்த உழைப்பிலிருந்து வருகிறதோ அந்த உழைப்பையே அவை எடுத்துக்கொண்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

எஞ்சியிருப்பது படைத்ததைப் பாதுகாப்பது. தாளில் இருந்த படம் அலமாரியில் கிடந்தாவது பிழைக்கும். கடவுச்சொல் தெரியாத கணினிக்குள் இருக்கும் படம் உரியவரோடு மறைந்துபோகும். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி இங்கே பயன்படும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கூகுள் போட்டோஸின் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் நின்றுபோனது. இரண்டு ஆண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியையும் அந்நிறுவனம் கொண்டுவந்திருக்கிறது. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எந்தக் கோப்புகள் யாருக்குத் திறக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி அதே கணக்கின் அமைப்புகளில் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சிறந்த ஐம்பது படங்களைத் தேர்ந்து, நீடித்து நிற்கும் மையில் அச்சிட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஈரம் புகாத பெட்டியில் வைத்துவிட்டால் எந்த நிறுவனத்தின் விதி மாற்றமும் அவற்றைத் தொடாது.